நெடுந்தீவுக் கோழிகள்

குசினிக் கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு ஞானசவுந்தரி வளவின் பின்பக்கம் போனாள். கடலால் வந்த புருசன் இராயப்பு அதைக் கண்டு படலையடியிலேயே நின்றுவிட்டான்.

"எடியே, கதவை எங்கை கொண்டு போறாய்?"

"கோழிக்கூட்டுக்கு."

"அப்ப குசினிக்கு?"

"குசினிக்கை நாய் வந்தால் அடிச்சுக் கலைக்கலாம். கூட்டுக்கை கீரி வந்தால் என்ன செய்யிறது?"

"கோழியே இன்னும் வரேல்லை. கீரி எங்கையிருந்து வரும்?"

"நாளைக்கு வருகுது. நீங்கள் பேசாமல் ஆணியைப் பிடியுங்கோ."

இவ்வளவுக்கும் காரணம் அடுத்த வீட்டு ஜசிந்தா. பாவம், அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை. வெள்ளைக் கோழி வளர்த்தாள், அவ்வளவுதான். கரம்பொன் ஊரில் சனம் பாணுக்கு வரிசையில் நின்ற அந்தப் பஞ்ச நாளிலும் அவளுடைய கோழிகள் வஞ்சகமில்லாமல் முட்டையிட்டன. பங்குச் சுவாமியாருக்குக் காலைச் சாப்பாடு அனுப்புவது அங்கே வீட்டுக்கு வீடு முறை. தன் முறை வந்த அன்று ஜசிந்தா முட்டையப்பம் அனுப்பினாள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்த சுவாமியார், ஊரே கேட்க, "அப்பமெண்டால் ஜசிந்தா வீட்டு முட்டையப்பம்தான்" என்று சொல்லிவிட்டார்.

அதற்கு முந்திய கிழமை ஞானசவுந்தரி அனுப்பிய இடியப்பத்தையும் மீன்சொதியையும் பற்றி அந்த வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஞானசவுந்தரிக்கு வயிறு பற்றி எரிந்தது. அடுத்து அவளுடைய முறை அந்தோனியார் பெருநாளன்று வருகிறது. அன்றைக்குத் தன் வீட்டிலிருந்தும் முட்டையப்பம் போகவேண்டும், அதுவும் தன் கோழி இட்ட முட்டையில். ஜசிந்தாவிடம் முட்டை வாங்குவதைவிடச் சுவாமியார் பட்டினி கிடக்கலாம் என்பது அவளுடைய முடிவு.

மறுநாள் கோழி யாபாரி றோசம்மா கூடையோடு வந்தாள்.

"ஜசிந்தாவின்ர கோழியளைவிடத் திறமாய் இருக்கவேணும், சொல்லிப்போட்டன்!"

"இது நெடுந்தீவுக் கோழி, அக்கா. கடல்கடந்து வந்ததுகள். பக்கத்து வீட்டுக் கோழியள் இதுக்குக் கிட்டவும் நிக்க ஏலாது."

அந்தக் கடைசி வசனத்துக்காகவே ஞானசவுந்தரி பேரம் பேசாமல் நாலு கோழியையும் வாங்கினாள்.

பொழுதுபட்டது. நாலும் புதுக்கூட்டை ஒருமுறை பார்த்தன. பிறகு திரும்பி, வேலிப் பொட்டுக்குள்ளால் ஒன்றன்பின் ஒன்றாக ஜசிந்தாவின் வளவுக்குள் போய்விட்டன. கொஞ்ச நேரத்தில் ஜசிந்தா இரண்டு கக்கத்திலும் கோழிகளை இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இதுகள் எங்கட கூட்டுக்கை ஏறிப் படுத்திட்டுதுகள்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஞானசவுந்தரியால் எதையும் தாங்கலாம், அந்தச் சிரிப்பைத் தாங்க ஏலாது.

அடுத்த நாள் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டிப் பார்த்தாள். ஜசிந்தாவின் கூட்டுக்குத் தகரக் கூரை! அப்படியா சங்கதி? கிணற்றடி மறைப்புத் தகரத்தைப் பிடுங்கித் தன் கூட்டுக்குப் போட்டாள். அன்று குளிக்கப் போன இராயப்பு, ஒழுங்கையால் போன கன்னியாஸ்திரிகளைக் கண்டு வாளியோடு வாழைக்குள் பாய்ந்தான்.

கோழிகளோ தகரத்தை மதிக்கவில்லை. பொழுதுபட அங்கேதான் போயின.

"இப்ப விளங்கியிட்டுது," என்றாள் ஞானசவுந்தரி. "அவள் மீன்தலை போட்டு மயக்கிறாள். என்ர கோழியள் அங்கை போய்த்தான் முட்டையிடுகுதுகள். இஞ்சை ஒரு முட்டையைக் கண்டியளோ?"

"காணேல்லை. குசினிக்கை நாயைத்தான் கண்டனான்."

பனங் கருக்குமட்டை வைத்து வேலிப் பொட்டை இறுக அடைத்தாள். அடைத்த பிறகுதான் நல்ல தண்ணீர்க் கிணறு ஜசிந்தாவின் வளவில் இருப்பது நினைவுக்கு வந்தது. இவர்களுடைய கிணறு உவர். இனிக் குடத்தோடு ஒழுங்கை சுற்றிப் போகவேண்டும். போனாள். கோழிகள் ஒழுங்கை சுற்றவில்லை, வேலிக்கு மேலால் பறந்தன.

பெருநாளும் நெருங்கியது. ஞானசவுந்தரி இராயப்புவின் வலையை எடுத்து வளவின் குறுக்கே கட்டினாள். கோழிகள் அதில் சிக்கி உதைத்துக் கிழித்துக்கொண்டு போயின.

"நான் இனிக் கடலுக்கு எதைக் கொண்டு போறது? கோழிக்கூட்டையோ?" என்று கத்திய இராயப்பு, பாயை எடுத்துக்கொண்டு தமையன் வீட்டுக்குப் போய்விட்டான்.

மனுசன் போனான், வலை போனது, கதவு போனது. முட்டை மட்டும் வரவில்லை. விடிந்தால் பெருநாள். பின்னேரம் நாலு கோழியும் வேலி தாண்டியதைக் கண்டதும் ஞானசவுந்தரிக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. ஒழுங்கையில் இறங்கி நின்று குரலெடுத்தாள்.

"எடி ஜசிந்தா! உனக்கு இருக்கிற கோழி காணாதோ? என்ர முட்டையிலேயே அப்பம் சுட்டுச் சுவாமியிட்டை நல்ல பேர் எடுக்கிறியோ?"

"நான் முட்டை ஒண்டும் எடுக்கேல்லை, அக்கா," என்ற ஜசிந்தா சேலைத் தலைப்பால் வாயை மூடினாள். சிரிப்பு அதற்குள்ளும் அடங்கவில்லை.

சனம் கூடிவிட்டது. கோயில் பக்கமிருந்து வந்த றோசம்மாவும் நின்றாள். சத்தம் கேட்டுச் சுவாமியார் சைக்கிளால் இறங்கினார்.

"என்ன பிள்ளையள், பெருநாள் நேரத்தில?"

"சுவாமி, நல்ல சாதி நெடுந்தீவுக் கோழியள்! கதவு போட்டன், தகரம் போட்டன், வலை போட்டன். இவள் மருந்து போட்டு இழுத்துப்போட்டாள். நாளைக்கு நான் உங்களுக்கு என்னத்தை அனுப்புறது?" ஞானசவுந்தரிக்கு அழுகையே வந்துவிட்டது.

சுவாமியார் திரும்பினார். "றோசம்மா, நீதானே வித்தனி? உன்ர கோழியள் ஏன் அந்த வீட்டுக்குப் போகுதுகள்?"

றோசம்மா கையிலிருந்த செபமாலையைப் பார்த்தாள்.

"இப்பதான் உங்களிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்துபோட்டு வாறன் சுவாமி, பொய் சொல்ல ஏலாது. முட்டையிடாத மலடுகள் எண்டு ஜசிந்தாக்கா எனக்கு வித்த கோழியள், பொழுதுபட்டால் தங்கட வீட்டை போகாமல் நெடுந்தீவுக்கே போகும்?"