சுடாமல் உரித்த செம்பு

பயிற்சி வகுப்பெடுக்கும் வளவாளர் என்றோர் இனம் உண்டு. எங்கள் கரையோர ஊர்களில் மண்டபம், சுவரில் பெனர், தேநீரோடு தின்ன ஆளுக்கொரு ரோல்ஸ் மூன்றும் கூடிய இடத்தில் தானாகவே தோன்றும். எதைப் பற்றியும் கற்பிக்கும். தன் கையால் ஒருமுறையாவது செய்து பார்த்திருக்குமா? அது வேறு கதை.

மசூர் அந்த இனத்தில் தேர்ந்த உருப்படி. மின்கழிவைப் பாதுகாப்பாகப் பிரிப்பது எப்படி என்று கல்முனையில் பழைய சாமான் சேர்ப்போருக்கு வகுப்பெடுத்தார். முப்பது வருஷமாக டிவி உடைத்துப் பிழைப்பவர்களுக்கு டிவியைப் படம் போட்டுக் காட்டி, "விளங்குதா?" என்று பன்னிரண்டு தரம் கேட்டு, பதில் வருமுன் அடுத்த படத்துக்குத் தாவிக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் காலிதீன். வயரைச் சுட்டுச் செம்பு எடுப்பவர். புகை நெஞ்சில் ஏறி, பள்ளிவாசலுக்கு நடக்கவே இரண்டு இடத்தில் நிற்கிறார். இனிச் சுட்டால் நெஞ்சு தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். சுடாவிட்டால் வீட்டில் அடுப்பெரியாது. மசூர் வயர் உரிக்கும் கருவியைக் கையில் கொடுத்ததும் மனுஷர் இரண்டே நிமிஷத்தில் ஒரு முழம் உரித்துவிட்டார். செம்பு பளபளவென்று வந்தது. மசூர் படமெடுத்தார். பிறகு கருவியை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார்.

"இத நான் வெச்சிக்கிறதா சேர்?"

"இல்ல காக்கா, இது காட்டுறதுக்குக் கொண்டு வந்த. நாளைக்கு ஒலுவில்லயும் வகுப்பிருக்கு."

"மறுகா நாளைக்கு நான் என்னத்தால உரிக்கிற?"

"சேர்டிபிகேட் தருவம்" என்றார் மசூர்.

மறுநாள் ஒலுவிலுக்கு ஓட்டோவில் போகும்போது கடற்கரைப் பக்கம் கரும்புகை. எரியும் வயருக்குப் பக்கத்தில் காலிதீன் இருமிக்கொண்டு நின்றார். மசூருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பெட்டி மடியில்தான் இருந்தது. ஆனால் கொடுத்துவிட்டால் ஒலுவிலில் எதைக் காட்டுவது? அன்று அறிக்கையில் எழுதினார்: "பயனாளிகளின் மனப்பாங்கு மாறவில்லை. தொடர் பயிற்சி அவசியம்."

அந்த அறிக்கையை அலுவலகத்தில் சரிபார்த்துக் கையொப்பமிட்டவன் அடியேன்தான். நல்ல தமிழில் இருந்தது, பாராட்டவும் செய்தேன்.

நீங்கள் சிரிக்க வேண்டாம். காலிதீனுக்கு யாராவது ஒரு கருவி வாங்கிக் கொடுக்கலாமே என்று இப்போது நினைத்தீர்கள்தானே? அந்த யாராவதைத்தான் நாங்களும் தேடிக்கொண்டிருக்கிறோம். வாருங்கள், மேடையில் உங்களுக்கும் ஒரு கதிரை போட்டிருக்கிறது.