மஞ்சள் தண்ணீர் குடித்த கார்

பயம் வந்தால் மூளை வேகமாக வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வந்தபோது அது லீவு போட்டுவிட்டது.

ஜப்பான்காரன் எங்களை ஆண்ட காலம். பாடாங் செராய் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக் கொட்டகையில், வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பழைய கார் ஒன்று கிடந்தது. அதை ஓட்ட ஆள் உண்டா என்று ஜப்பான் அதிகாரி கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். (அந்தக் காரை நான் கழுவியதுதான் உண்டு.) சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. கார் ஓடினால் நான் டிரைவர், ஓடாவிட்டால் சயாம் என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி மொழிபெயர்த்தார்.

எலி கடித்த ஒயர்களை ஒட்டுப்போட்டேன். டேப் கிடைக்காததால் ரப்பர் ஷீட்டை நாடாவாகக் கிழித்துச் சுற்றினேன். அன்று சாயங்காலம் காரின் முன்னால் கிராங்குக் கம்பியைச் சுற்றியதும் பிளக் ஒயரில் பளிச்சென்று பொறி வந்தது. சயாம் என்னை விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அதிகாரி வாளோடு வந்து நின்றார். கிராங்கைச் சுற்றினேன். கார் இருமக்கூட இல்லை. நன்றாக இருந்த ஒட்டுகளையெல்லாம் பிரித்துப் பிரித்து மறுபடி சுற்றினேன். அதிகாரி வாள்பிடியைத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது.

என் மனைவி அஞ்சலை பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க. மொத மொதல்ல ஓடப்போற காடி. விடியக்காலைல இன்ஜின் மூடியத் தூக்கி மஞ்சத்தண்ணி ஊத்தி, பொட்டு வச்சேன்."

"எவ்வளவு ஊத்துன?"

"ஒரு வாளிதாங்க."

பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால் உள்ளே மஞ்சள் வாசனையோடு தண்ணீர் நின்றது. பொறி எங்கிருந்து வரும்? துடைக்கக் காய்ந்த துணி வேண்டும். துணி கிடைக்காமல் தோட்டமே சாக்கு கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே கண்ணில் பட்ட ஒரே நல்ல துணி, அன்றைக்கென்று நான் கட்டியிருந்த கல்யாண வேட்டிதான். அவிழ்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டரையும் ஒயர்களையும் அழுத்தித் துடைத்து, கோவணத்தோடு கிராங்கைச் சுற்றினேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

ஜப்பான் முறைப்படி குனிந்து வணங்கினேன். கோவணத்தோடு வணங்கியதற்கு அதிகாரி ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஓட்டு என்று கையைக் காட்டினார். வேட்டியை எடுக்க விடவில்லை. பக்கத்து ஊர் லூனாஸ் கடைத்தெரு முழுக்கப் பார்க்க, அப்படியே ஓட்டிப்போனேன். (எனக்கு ஓட்டத் தெரியாது என்பதே பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.)

இன்றைக்கும் எங்கள் வீட்டில் எந்தக் கார் கிளம்ப மறுத்தாலும், "தாத்தா, வேட்டியப் பிடிச்சுக்குங்க" என்பார்கள் பேரப்பிள்ளைகள். முதலில் சிரிப்பவள் அஞ்சலைதான். நானும் சிரிப்பேன். ஆனால் இன்ஜின் சத்தம் கேட்கும்வரை என் கை நிஜமாகவே வேட்டி முடிச்சை இறுக்கிப் பிடித்திருக்கும். அந்தப் பயம் அவளுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொள்வாள்.