மூன்றாவது ஹெட்போனில் கேட்ட குரல்

கொழும்புத்துறை,
சனிக்கிழமை.

மதிப்பும் அன்பும் உள்ள மச்சான் சந்தியோகு அவர்களுக்கு,

உமது தங்கை அற்புதராணியின் கணவன் யாகோப்பு எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் இங்கே சுகம். நீர் சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் கேட்கத் தேவையில்லாமல் இருக்கிறது. ஞாயிறுதோறும் நீர் ரொறன்ரோவிலிருந்து அற்புதராணியோடு கதைக்கும்போது நான் அடுத்த அறையில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உமது முழங்கால் நோ தெரியும், மகன் ஜெறோம் புது வீடு வாங்கியது தெரியும், கடைசியில் நீர் "அவர் எப்பிடி?" என்று கேட்பதும் அவள் "இருக்கிறார்" என்று சொல்வதும் தெரியும். முப்பத்தெட்டு வருஷமாக எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் நடந்த பேச்சு அவ்வளவுதான். ஆகையால் என் கையெழுத்தைக் கண்டதும் நெஞ்சைப் பிடிக்கவேண்டாம், ஒருவரும் சாகவில்லை. நான் ஒரு ஹெட்போன் வாங்கப் போனேன், அதனால் வந்த வினைதான் இது.

ஐஸ் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இயந்திரத்தோடு இருந்துவிட்டு ஓய்வுபெற்றவனுக்கு வீட்டின் அமைதி ஒத்துவரவில்லை, அதனால் காலையிலிருந்து றேடியோவைப் போட்டு வைப்பேன், கொஞ்சம் சத்தமாகத்தான் வைப்பேன். போன மாதம் ஒருநாள் உமது தங்கை குசினியிலிருந்து அகப்பையோடு வந்து நின்று, "இஞ்சாருங்கோ, உந்தப் பாட்டை நீங்கள் கேக்கிறியளோ, இல்லாட்டி கடல்லை நிக்கிற வள்ளக்காரருக்குக் கேக்க விடுறியளோ?" என்றாள். எங்கள் மகள் ஜெயனி, அவளுக்கு இப்போது கொம்பியூட்டர் கொம்பனி ஒன்றில் வேலை, உடனே தீர்ப்புச் சொன்னாள்: "அப்பா, உங்கடை பிறந்தநாளுக்கு நான் நல்ல ஹெட்போன் ஒண்டு வாங்கித் தாறன். ஆனா நீங்களே வந்து, மாத்தி மாத்திக் கேட்டுப் பாத்துத்தான் எடுக்கவேணும்." காதில் மாட்டினால் கேட்கும், கழற்றினால் கேட்காது, இதில் மாத்திக் கேட்டுப் பார்க்க என்ன இருக்கிறது என்று நான் கேட்டேன். அவள் ஸ்கூட்டியைத் திருப்பி நிறுத்தினாள்.

போன இடம் எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் பலாலி வீதியோரம், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடி. கோபிசங்கர் என்று ஒரு தம்பி, முப்பத்தைந்து வயது வரும், சுவரெல்லாம் கம்பளம் அடித்து, ஜன்னலைப் பூட்டி, உள்ளே ஒரே ஒரு கதிரை போட்டு வைத்திருக்கிறார். மேசையில் மூன்று ஹெட்போன். பூசைக்குப் பாத்திரங்களை அடுக்கிவைத்த மாதிரி ஒரு வெள்ளைத் துணியில் வைத்திருந்தார். விலையை நான் கேட்கக்கூடாது என்று ஜெயனி படியிலேயே சத்தியம் வாங்கிவிட்டாள். கோபிசங்கர் முதலாவதைக் கையில் எடுத்து, "ஐயா, இதின்ரை சத்தம் வெதுவெதுப்பாய் இருக்கும்" என்றார். இரண்டாவது "கொஞ்சம் வெளிச்சம்" என்றார். மூன்றாவதைத் தொட்டுக் காட்டிவிட்டு, "இதிலை மேடை அகலம், ஆர் ஆர் எங்கை நிக்கினம் எண்டு தெரியும்" என்றார். நான் ஜெயனியைப் பார்த்தேன். "தம்பி, நான் தேத்தண்ணியும் கேக்கேல்லை, பல்பும் கேக்கேல்லை, மேடையும் கேக்கேல்லை. பாட்டுக் கேட்டால் போதும்" என்றேன். அவர் கோபிக்கவில்லை. நல்ல பிள்ளை. "கேட்டுப் பாருங்கோ ஐயா" என்று மட்டும் சொன்னார்.

முதலாவதை மாட்டினேன். வயலின் வந்தது, மிருதங்கம் வந்தது, நன்றாக இருந்தது. இரண்டாவதை மாட்டினேன். அதுவும் நன்றாக இருந்தது, ஆனால் அதன் இரண்டு பக்கமும் சல்லடை மாதிரித் திறந்திருந்ததால் என் பாட்டு அறைக்கும் கேட்டது, அறையில் கதைப்பது எனக்கும் கேட்டது. எந்தளவு சத்தமாக நான் கதைக்கிறேன் என்பது மாத்திரம் எனக்குத் தெரியவில்லை. "ஜெயனி, இந்தத் தம்பிக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?" என்று நான் அவளிடம் இரகசியமாகக் கேட்டது கீழே மருந்துக்கடை வரைக்கும் போயிருக்கிறது. தம்பி சுவரைப் பார்த்தார். ஜெயனி என்னைப் பார்த்தாள். அந்த வெட்கத்தில் நான் எழும்பினேன், காதில் வயர் இருப்பதை மறந்து எழும்பினேன், வயரோடு சேர்ந்து மேசையிலிருந்த பாட்டுப்பெட்டியும் என்னோடு வரப் பார்த்தது. கோபிசங்கர் பாய்ந்து அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் அணைத்துப் பிடித்தார். நல்லவேளை.

பெட்டியைத் திரும்ப வைத்து, வியர்வையைத் துடைத்துவிட்டு அவர் சொன்ன இரண்டு விஷயம்தான் மச்சான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். ஒன்று: "மூண்டையும் ஒரே அளவு சத்தத்திலை வைச்சுத்தான் ஒப்பிடவேணும் ஐயா. கூடச் சத்தமாய்க் கேக்கிறதுதான் நல்லது எண்டு காது ஏமாந்துபோகும்." இதைக் கேட்டதும் எனக்கு ஏனோ கோவில் முற்றம் நினைவுக்கு வந்தது. இரண்டாவது: "தெரியாத பாட்டிலை வித்தியாசம் பிடிபடாது. உங்களுக்கு அச்சொட்டாய்த் தெரிஞ்ச பாட்டு ஒண்டைக் கொண்டு வாங்கோ."

எனக்கு அச்சொட்டாய்த் தெரிந்த பாட்டு எது என்று உமக்குச் சொல்லவேண்டியதில்லை. எண்பத்தாறாம் ஆண்டுப் பெருநாள் திருப்பலியில் எங்கள் பாடகர் குழாம் பாடிய நன்றிப்பாட்டு. சவூதியிலிருந்து வந்த கசற் றெக்கோடரை ஒரு கதிரையில் வைத்து, நாங்கள் அதற்கு முன்னால் அரைவட்டமாக நின்றோம். நடுவில் ஆர்மோனியம். றெக்கோடரிலிருந்து பார்த்தால் வலது பக்கத்துக் கடைசியில் நான், இடது பக்கத்துக் கடைசியில் நீர். அந்தக் கசற்றை உமது தங்கை தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்தபோது கலியாணச் சேலைக்குள் சுற்றிக் கொண்டுபோய்க் கொண்டுவந்தாள். ஜெயனி அதைப் போனுக்கு மாற்றி வைத்திருக்கிறாள். எல்லாருக்கும் அந்தப் பாட்டு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, பாட்டுக்குப் பிறகு நடந்தது ஞாபகம் இருக்கும். கடைசி அடியில் கீழ்க்குரலில் ஒருவர் சுருதி விட்டார். பூசை முடிந்து முற்றத்தில் பங்குச் சுவாமி சிரித்துக்கொண்டு, "ஆரப்பா அது கடைசியிலை சறுக்கினது?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "வேறை ஆர், சந்தியோகுதான்!" என்று பங்குச் சனம் முழுவதும் கேட்கச் சொன்னேன். நீர் "நானில்லை, நீ" என்றீர், ஆனால் நான் உம்மைவிடச் சத்தமாகச் சொன்னேன். எல்லாரும் என்னை நம்பினார்கள். நீர் பாட்டுப் புத்தகத்தை ஆர்மோனியத்தின்மேல் வைத்துவிட்டுப் போனவர்தான், பிறகு பாட வரவில்லை. அடுத்த வருஷம் கனடாவுக்குப் புறப்பட்டீர். உம்மை வழியனுப்பின அன்றைக்கு எனக்கு லீவு இருந்தது மச்சான். இருந்தும் வேலைக்குப் போனேன்.

சரி, ஹெட்போனுக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை அற்புதராணியையும் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் போனோம், அவள் வந்தால் விலையைக் கேட்டுவிடுவாள் என்று எனக்கொரு நம்பிக்கை. கோபிசங்கர் எங்கள் பாட்டை முதலாவதில் போட்டார். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, எல்லாரும் ஒரு போர்வைக்குள் நின்று பாடின மாதிரி. உமது தங்கை வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு, "மோட்டச்சைக்கிள் ஹெல்மெற் மாதிரிக் கிடக்கு" என்று திருப்பித் தந்தாள். இரண்டாவதில் பாடல் விரிந்தது, பெண்களின் குரல் பளிச்சென்று மேலே வந்தது, பின்னால் ஒரு குழந்தை அழுததுகூடக் கேட்டது. அப்படி ஒரு குழந்தை அங்கே இருந்ததென்றே எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது. பிறகு மூன்றாவது.

மச்சான், நான் கூட்டிச் சொல்கிறவன் என்று உமக்கு ஒரு எண்ணம் இருக்கிறது, ஆனால் இதைக் கூட்டவில்லை. மூன்றாவதில் கோவிலே திறந்துகொண்டது. ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சு விடுவது கேட்டது. ஒவ்வொருவரும் அவரவர் நின்ற இடத்தில் நின்றார்கள். அற்புதராணி அப்போதைய இருபத்துமூன்று வயதில் நடுவில் நின்று பாடுகிறாள், எதிரில் அறுபத்தொரு வயதில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள், நான் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தேன். கடைசி அடி வந்தது. கீழ்க்குரலில் அந்தச் சறுக்கல், அரைச் சுரம், சேற்றில் கால் வைத்த மாதிரி. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது தெரியுமா? வலது பக்கத்துக் கடைசியிலிருந்து. நான் நின்ற இடத்திலிருந்து.

திரும்பப் போடச் சொன்னேன். திரும்பவும் வலது. ஐந்துமுறை போட்டார் பாவம் அந்தத் தம்பி. ஆறாம்முறை நான் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தேன். "என்ன ஐயா, பிடிக்கேல்லையோ?" என்றார். "இது நல்லாய்த்தான் கேக்குது தம்பி. வேண்டாம்" என்றேன். அற்புதராணிக்கு விஷயம் விளங்கிவிட்டது, அவளுக்கு என் முகத்தை வாசிக்க ஹெட்போன் தேவையில்லை. ஓட்டோவால் இறங்கி வீட்டுப் படலையைத் திறக்கும்போது, "அண்ணைக்குச் சொல்லப்போறியளோ?" என்றாள். "போனிலை எனக்குச் சொல்ல வராது" என்றேன். அவள் லாச்சியைத் திறந்து எழுதுகிற கடதாசியை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆகவே இதனால் அறியத்தருவது என்னவென்றால், எண்பத்தாறாம் ஆண்டுப் பெருநாளில் சுருதி விட்டவன் சந்தியோகு அல்ல, யாகோப்புதான். கோவில் முற்றத்தில் உம்மைப்பற்றிச் சத்தமாகச் சொன்னது பிழை. உமது புறப்பாட்டுக்கு வராமல் விட்டது அதைவிடப் பெரிய பிழை. நீர் பாடாமல் விட்ட எல்லாப் பெருநாளுக்கும் நான் பொறுப்பு. என்னை மன்னிக்கவும். ஹெட்போன் வாங்குவதில்லை என்று ஜெயனியிடம் முடிவாகச் சொல்லிவிட்டேன். இப்படி ஒரு சாமான் வீட்டில் கிடந்தால் இன்னும் என்னென்ன பிழையெல்லாம் கேட்குமோ, எனக்கு அவ்வளவு கடதாசியும் இல்லை.

உமது முழங்காலுக்கு அன்னை மரியாள் துணை நிற்கட்டும். ஜெறோமுக்கும் புது வீட்டுக்கும் எங்கள் ஆசீர். பனியில் வழுக்காமல் நடக்கவும்.

இப்படிக்கு,
உமது தங்கையின் கணவன், உமது பழைய சிநேகிதன்,
அ. யாகோப்பு

பி.கு.: இதை நேற்றே உறையில் போட்டு ஒட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்றைக்கு ஞாயிறு. பூசையால் வந்தபோது சாப்பாட்டு மேசையில் மூன்றாவது ஹெட்போன் இருந்தது. நான் சொன்ன முடிவை ஜெயனி கேட்கவில்லை. அவள் அதை மாட்டி, நான் எழுதியதை வாசித்துக்கொண்டே பாட்டைக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்பா, நீங்கள் எந்தப் பக்கம் எண்டு எழுதியிருக்கிறியள்?" என்றாள். "வலது." "எனக்கு இடதிலையெல்லோ கேக்குது." பிறகு அந்தச் சாமானைத் திருப்பி, உள்பக்கத்தில் எறும்பளவில் இருந்த எல், ஆர் என்ற இரண்டு எழுத்தைக் காட்டினாள். கண்ணாடி இடிக்குது என்று அன்றைக்குக் கழற்றி வைத்துவிட்டு நான் வலதை இடதிலும் இடதை வலதிலும் மாட்டியிருக்கிறேன். அப்படியானால் மச்சான், சறுக்கினது நான் இல்லை!

கடிதத்தைக் கிழிக்க எடுத்த நேரத்தில்தான் உமது போன் கோல் வந்தது. அதற்குப் பிறகு நடந்தது உமக்கே தெரியும், ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். நான் அற்புதராணியின் கையிலிருந்து போனைப் பறித்தேன். சுகமா என்றுகூடக் கேட்கவில்லை. "மச்சான், அது நீர்தான்!" என்றேன். எது என்று நீர் கேட்பீர் என்று பார்த்தேன். நீர் கேட்கவில்லை. "ஓம் யாகோப்பு, நான்தான். எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றீர். முப்பத்தெட்டு வருஷம்! அதற்குமேல் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினது மாத்திரம்தான். உமது தங்கை வந்து வாங்கி வைத்தாள்.

யோசித்துப் பார்த்தேன். மூன்று பக்கம் கஷ்டப்பட்டு எழுதின மன்னிப்பு, வீணாக்க மனமில்லை. அப்படியே அனுப்புகிறேன். சுருதி விட்டவன் என்று வருகிற இடத்தில் எங்கள் இரண்டு பேரின் பெயரையும் இடம் மாற்றிப் போட்டு, கீழே கையொப்பம் வைத்து எனக்குத் திருப்பி அனுப்பும். லீவு இருந்தும் வேலைக்குப் போனேன் என்ற வரியை மட்டும் தொடவேண்டாம். அது என்னுடையது.