ஆணி வாங்கப் போன மாணவன்

சினிமா டீச்சரைக் கிட்டத்தில் பார்க்காமல் கண்ணை மூடுவதில்லை என்று இரும்புக்கடை ஒரெஸ்தே முடிவு கட்டினான். கோடை விடுமுறையில் திரானி ஊர்ப் பள்ளிக்கூடத்தை ரோமாபுரிக் கம்பெனி ஒன்று டீச்சர் படம் எடுக்கப் பிடித்திருந்தது. டீச்சர் படம் என்றால் தெரியுமே. டீச்சர் கையில் சாக்பீஸ் நிற்காது. குனிந்து எடுப்பதுதான் கதை. பையன்களாக வருகிறவர்களுக்கு நாற்பது வயசு, பாதி வழுக்கை. இரண்டும் ஒரெஸ்தேயிடம் இருந்தன. பையனாகச் சேர்த்துக்கொண்டு, மீசையை மட்டும் எடுக்கச் சொன்னார்கள்.

அவன் மனைவி எர்சிலியா அதே பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்ததே இல்லை. பறந்திருக்கிறது.

"பாரி டவுனுக்குப் போய் ஆணி வாங்கிட்டு வரேன்."

"ஆணி வாங்க மீசைய எதுக்கு எடுத்தீங்க?"

"வெயில்."

"ஆமா, இந்த வருஷம் மூக்குக்குக் கீழதான் ஜாஸ்தி அடிக்குது."

தப்பித்தோம் என்று பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான்.

"டீச்சர் உள்ள வந்ததும் எல்லாரும் வாயப் பொளக்கணும்" என்றார் டைரக்டர்.

கதவு திறந்தது. ஒரெஸ்தே பிளந்த வாய் மூடவில்லை. வந்தவள் எர்சிலியா.

"பள்ளிக்கூட நடைமுறை சொல்லித்தர இவங்களக் கூப்பிட்டிருக்கோம்" என்றார் டைரக்டர்.

எர்சிலியா நேரே கடைசி பெஞ்சுக்கு வந்தாள்.

"பேரு என்னப்பா?"

"ஒரெஸ்தே."

"டீச்சர்னு சேத்துச் சொல்லு."

"ஒரெஸ்தே, டீச்சர்."

"வீட்டுல எங்க போறேன்னு சொல்லிட்டு வந்தே?"

அவன் பெஞ்சுக்கு அடியில் நழுவப் பார்த்தான்.

"அசல் பையன் மாதிரியே பயப்படறான்" என்று டைரக்டர் பூரித்தார்.

"பொய் சொல்ற பையன நாங்க ஸ்டாண்டுல நிக்கற கரும்பலகைக்குப் பின்னால நிறுத்துவோம் சார். அப்படி ஒருத்தன் நிக்காத கிளாஸ இந்த ஊர்ல யாரும் நம்ப மாட்டாங்க."

"பிரமாதம்! நிறுத்துங்க."

பிறகு நடிகை வந்தாள். வாசனையை வைத்துத்தான் ஒரெஸ்தேக்குத் தெரிந்தது. சாக்பீஸ் விழுந்தது. வகுப்பே பெருமூச்சு விட்டது. டைரக்டருக்குத் திருப்தியில்லை, சாக்பீஸ் மறுபடி மறுபடி விழுந்தது. ஒரெஸ்தேயின் மூக்குக்கு நேரே, பலகையின் முதுகில், அவனுக்கு முன்னால் நின்ற எவனோ ஆணியால் கீறியிருந்தான்: 'எர்சிலியா டீச்சர் ஒரு பிசாசு.' நியாயமான பையன். ஒரெஸ்தே பலகைக்கு அடியில் எட்டிப் பார்த்தான். தெரிந்தவை எர்சிலியாவின் கறுப்பு ஷூக்கள்.

சாயங்காலம் துறைமுகத் தெருவில் அவள் விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தாள். அவன் பின்னாலேயே ஓடினான்.

"ஒரு நாள் கூத்துதானே, விடேன்."

"ஒரு நாளா? அந்தக் காட்சி இன்னும் முடியலயாம். இன்னிக்குப் பலகைக்குக் கீழ தெரிஞ்ச காலு நாளைக்கு இல்லேன்னா படத்துல ஒட்டாதாம்" என்றாள் எர்சிலியா. "வெள்ளிக்கிழமை வரைக்கும் அதே எடத்துல நிப்பீங்கன்னு நான்தான் டைரக்டருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."