வழுக்காத லாரிப் படி

அன்புள்ள மூத்த மகளுக்கு,

அப்பா நலம். கை, கால், இடுப்பு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும்.

போன மழையில் நான் விழுந்ததைக் கேள்விப்பட்டு, "இன்னொரு தடவை லாரிப் படியில் வழுக்கினால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காருங்கள்" என்று எழுதியிருந்தாய். முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டியவன் நான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்றேன் உன் அம்மாவிடம். "எந்த ஆனை லாரி ஓட்டுது?" என்றாள். அந்த ரோஷத்தில்தான் வேலையில் இறங்கினேன். முதலில் படியில் உப்புத்தாள் ஒட்டினேன், மழையில் பசை இளகித் தாள் செருப்போடு வந்துவிட்டது, அது தெரியாமல் முதலாளியின் புது டைல்ஸ் தரையில் சரக் சரக்கென்று நடந்தேன், அவர் முகத்தை ஏன் கேக்கிறே, சரி போகட்டும்னு கோணிச்சாக்கைச் சுத்திக் கட்டினா அது தண்ணியைக் குடிச்சுக் குடிச்சுப் பாசி பிடிச்சு முன்னைவிட மோசமா வழுக்குது, அப்புறம் பெயின்ட்ல மணலைக் கலந்து அடிச்சேன், காயறதுக்குள்ள அவசரப்பட்டு ஏறினேன், நான் மேலே போயிட்டேன், செருப்பு படியிலேயே நின்னுடுச்சு. கடைசியில வெல்டர்தான் வழி சொன்னார். "அண்ணே, வழவழன்னு தகடு இருந்தா தண்ணி எங்க போகும்? ஓட்டை போட்ட தகடு வைக்கிறேன், பிடிச்சுக்கக் கம்பியும் வைக்கிறேன். ஆனா வாலிபன் மாதிரி குதிக்காதீங்க. ஏணியில இறங்கற மாதிரி வண்டியைப் பார்த்துக்கிட்டே இறங்குங்க." முதுகைக் காட்டி இறங்கறது மானக்கேடுதான், சாவிக்காக மானத்தை விட்டேன். மூணு நாளா கொட்டற மழை, ஒரு தடவைகூட வழுக்கலை!

ஆகவே சாவிப் பேச்சை இனி எடுக்காதே. இருவருக்கும் என் ஆசிகள். ஈரத்தரையில் பார்த்து நடக்கவும்.

இப்படிக்கு,
வழுக்காத அப்பா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் உளவாளியான அம்மா படியைச் சோதிக்க வந்துவிட்டாள். மேலே எழுதியதெல்லாம் ஓட்டுநர் பக்கத்துப் படிக்கு. மறுபக்கப் படிக்கு ஒன்றுமே செய்யவில்லை என்பது, அவள் அந்தப் பக்கம் இறங்கி என்மேல் விழுந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு இடது கையில் மாவுக்கட்டு. கவனி, வழுக்கியது நான் இல்லை. ஆனாலும் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். உனக்கு அனுப்பத்தான் என்று நினைத்தேன். "கட்டுப் பிரிக்கறதுக்குள்ள அந்தப் படியையும் சரி பண்ணுங்க. அப்பத்தான் சாவி. மேலே உட்கார்ந்தா ரோடெல்லாம் என்ன அழகா தெரியுது! அடுத்த லோடுக்கு நானும் வரேன்" என்கிறாள்.