காப்பியை விட்ட ஆமணக்குச் சாமி

ஆமணக்கு எண்ணெயைக் கண்டு ஓடாத மனிதரை என் வாழ்நாளில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். நாமெல்லாம் சின்ன வயதில் பேதிக்கு எண்ணெய் கொடுக்கும் நாள் என்றால் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு தப்பிக்கப் பார்த்தவர்கள். அவருக்கோ அந்த எண்ணெயைப் பார்த்தால் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி முகம் மலர்ந்துவிடும். உலகத்திலுள்ள சகல சாமான்களையும் ஆமணக்கு விதையிலிருந்து செய்துவிடலாம் என்பது அவருடைய சித்தாந்தம். "ரயில் எஞ்சின்?" என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன். தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "எஞ்சின் முடியாது ஓய். அது ஓடறதுக்கு வேண்டியதெல்லாம் முடியும்" என்றார்.

பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். கெமிஸ்ட்ரி படித்துப் பட்டம் வாங்கியவர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். கஞ்சிக்கோட்டில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. 'ஆமணக்குச் சாமி' என்றால் ரயில்வே கேட்காரர் வரைக்கும் தெரியும். ஐம்பதுகளின் ஆரம்பம் அது. இன்றைக்குப் புகைபோக்கிகள் நிற்கும் கஞ்சிக்கோட்டில் அன்றைக்குப் பனைமரமும் கணவாய்க் காற்றும் எங்கள் எண்ணெய் மில்லும்தான். நான் அந்த மில்லில் கிளார்க். மில்லுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை காலியாகக் கிடந்தது. முதலாளி அதைச் சாமிக்கு விட்டுக்கொடுத்து, கூடவே என்னையும் விட்டுக்கொடுத்தார். "அவரு கொட்டாயக் கொளுத்திப்போடாம பாத்துக்கோ தம்பி" என்பதுதான் எனக்கு இட்ட உத்தரவு.

சாமியின் முதல் தயாரிப்பு தரைக்கு மெருகு. தன் தெருவிலேயே ஒரு கல்யாண வீட்டுக் கூடத்தில் இலவசமாகப் பூசிக் காட்டினார். கூடம் கண்ணாடியாக மின்னியது. சம்பந்தி மாமா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு காலை வைத்தார். மறுகாலை வைக்க அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. நாதஸ்வரக்காரரைத் தாண்டி, பூத்தட்டோடு நின்ற மாமிகளைத் தாண்டி, நேரே போய் மணையில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை இன்னும் வந்து சேரவில்லை என்பதால் பெரிய விபரீதம் ஒன்றும் நேரவில்லை.

"சாரமில்லை" என்றார் சாமி. பாலக்காட்டில் பரவாயில்லை என்பதற்கு அதுதான் வார்த்தை. அவருக்கு அது மூச்சு விடுவது மாதிரி.

அடுத்தது வார்னிஷ். மில் ஆபீஸ் நாற்காலிக்கு அடித்தார். இரண்டு வாரமாகியும் காயவில்லை. காயவில்லை என்று சொல்வதற்குள் ஒரு இன்ஸ்பெக்டர் வந்து அதில் உட்கார்ந்துவிட்டார். பேசி முடித்து எழுந்தார். நாற்காலியும் மரியாதையாகக் கூடவே எழுந்தது. கடைசியில் கால்சராய் நாற்காலியோடு தங்கிவிட, இன்ஸ்பெக்டர் முதலாளியின் வேட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார்கள். சாமி அந்த நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"பாத்தீரா ஓய்? தரையில வழுக்கித்து. நாற்காலியில ஒட்டிண்டுது. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கணுமே! அதுதான் பெல்ட்டுக்கு வேண்டியதாக்கும்!"

அந்தக் காலத்து மில்களிலும் டீ ஃபேக்டரிகளிலும் ஒரே எஞ்சின்தான். அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் போட்டு எல்லா மெஷின்களையும் ஓட்டுவார்கள். மழைக்காலம் வந்தால் தோல் விறைத்து, பெல்ட் சக்கரத்தில் பிடிக்காமல் வழுக்கும். மெஷின் நின்றுவிடும். இதற்குப் பூச ஒரு பசை சீமையிலிருந்து டப்பாவில் வந்துகொண்டிருந்தது. அதில் மாட்டுக்கொழுப்பு. சாமி ஆமணக்கு எண்ணெயைக் காய்ச்சித் தடிமனாக்கி, குங்கிலியம் கலந்து, அதே பசையை நம்மூர் விதையில் செய்யப் புறப்பட்டார். எண்ணெய் தோலை இளக்கும், குங்கிலியம் பிடித்துக்கொள்ளும் என்பது கணக்கு.

முதலாளிக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. "ஏனுங்க சாமி, வழுக்காம இருக்கறதுக்கு யாராச்சும் எண்ணெய் பூசுவாங்களா? நாங்க வழுக்கு மரத்துக்கே அதைத்தானுங்க பூசறோம்!"

ஆனால் எங்கள் மில் பெல்ட்டில் பூசியதும் அது உடும்பாகப் பிடித்தது. முதலாளி தலையைச் சொறிந்தார். அவர் நல்ல மனிதர், வியாபாரியும்கூட. "சரிங்க, ஒத்துக்கறேன். ஆனா வாங்கறக்கு ஆள் வேணுமில்லீங்க? தீபாவளிக்குள்ள ஒரு எஸ்டேட்டாச்சும் இது வேணும்னு சொல்லோணும். இல்லீன்னா கொட்டாயில கடலை மூட்டை அடுக்கிப்போடுவனுங்க" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று சாமிக்குத் தெரியும். கொட்டகை போனால் அவர் போக வேண்டிய இடமும் தயாராக இருந்தது. பம்பாயில் மைத்துனர் ஒரு டைப்பிஸ்ட் வேலை பார்த்து வைத்திருந்தார். கல்பாத்தியில் பாதித் தெரு அப்படித்தான் பம்பாய் போய்ச் சேர்ந்திருந்தது. "இன்னொருத்தன் சொல்லச் சொல்ல டைப் அடிக்கறதுக்கா நான் பொறந்தேன்?" என்று காய்ச்சும் வாணலியைப் பார்த்துக் கேட்பார். வாணலி கொப்புளித்தது. அதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

ஆவணியில் நாங்கள் சின்னக்கானல் பக்கம் ஒரு டீ ஃபேக்டரிக்குப் புறப்பட்டோம். பஸ் மாறி மாறிப் போடி போய், அங்கிருந்து லாரியில் மலை ஏறினோம். போடிமெட்டு செக்போஸ்ட்டில் சிப்பாய் டப்பாவைத் திறந்து முகர்ந்து, "என்னய்யா இது, லேகியமா?" என்று கேட்டுவிட்டார். கேட்கலாமோ? சாமி விதையிலிருந்து ஆரம்பித்தார். எண்ணெய் காயும் பக்குவத்துக்கு வருவதற்குள் சிப்பாயே ஓடிப்போய்க் குறுக்குக் கட்டையைத் தூக்கிவிட்டு, "போங்க சாமி, போங்க" என்று கும்பிட்டார்.

ஃபேக்டரியில் டீ மேக்கர் ஞானமுத்து. தேயிலை பக்குவமாகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. ஆறடி உயரம், திருநெல்வேலிப் பேச்சு, எஸ்டேட் துரையே அவரிடம் பணிவாகத்தான் பேசுவார். இலையைக் கசக்கும் ரோலரின் பெல்ட்டில் சாமி தன் கையாலேயே பசையைப் பூசினார். வெளியே கொட்டும் மழையிலும் பெல்ட் நழுவவில்லை. ஞானமுத்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்து, "பரவால்லவே" என்றார். சாமி என்னைப் பார்த்த பார்வையில் தீபாவளி ஆவணியிலேயே வந்துவிட்டது.

மறுநாள் காலை அந்த இலையில் டீ போட்டுக் கோப்பைகளில் வரிசையாக வைத்தார்கள். ஞானமுத்து முதல் கோப்பையைச் சத்தமாக உறிஞ்சினார். வாயில் சுழற்றினார். துப்பினார். துப்பிய வேகத்தில் நான் ஒதுங்கிக்கொண்டேன்.

"என்னத்தவே கலந்தீரு உம்ம டப்பாவுல?"

"ஆமணக்கு, குங்கிலியம். அப்புறம் வாசனைக்குக் கொஞ்சம் புல்தைலம்" என்றார் சாமி பெருமையாக. காய்ச்சிய எண்ணெயின் நாற்றத்தைக் கண்டு துரைமார் மூக்கைச் சுளிக்கக்கூடாதே என்று, எலுமிச்சை வாசனை அடிக்கும் அந்தப் புல்தைலத்தை ஒரு புட்டி முழுக்கக் கவிழ்த்திருந்தார். எங்களுக்கு அது மணமாகத்தான் இருந்தது.

"ஆண்டவரே! வே, தேயிலை பக்கத்துல இருக்க வாசனையெல்லாம் இழுத்துக்கிடும். வாசல்ல ஒருத்தன் பீடி குடிச்சாலே கோப்பையில தெரியும். இங்க வேலைக்கு வர பிள்ளைக தலையில பூவ கழத்தி வச்சிட்டுதான் உள்ள வருதுக. நேத்து அரைச்ச கொழுந்து பூராவும் இப்ப வலி தைலமா நாறுது! அது கெடக்கட்டும், நீரு டீ குடிப்பீரா?"

"நானா? பகவானே! நாங்க பரம்பரையா காப்பியாக்கும்."

"டீயே குடிக்காத மனுசன் டீ ஃபேக்டரிக்கு மருந்து செஞ்சுக்கிட்டு வந்தீரோ! சவத்த எடுத்துட்டுப் போவும்!"

எங்களையும் டப்பாக்களையும் சேர்த்து மழையில் விட்டார்கள். போடிமெட்டு வரை நடந்தோம். சாமி 'சாரமில்லை' கூடச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மெட்டில் ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்து, தூக்குத் தண்டனைக் கைதி கடைசி ஆசையைச் சொல்வது மாதிரி, "ஒரு டீ" என்றார். ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலாகியது.

"இதையா ஜனங்கள் இஷ்டப்பட்டுக் குடிக்கறா?"

"ஆமாங்க சாமி."

"சரி. இன்னியோட காப்பி கெடையாது. இதுல வாசனை எப்படிப் போய் உக்காந்துக்கறதுன்னு என் நாக்குக்குத் தெரியற வரைக்கும் டீதான்."

படித்துக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு இதன் கனம் புரியாமல் போகலாம். கல்பாத்தியில் ஒருவர் சந்நியாசம் வாங்கிக்கொண்டார் என்றால் ஒருநாள் பேசுவார்கள். காப்பியை விட்டுவிட்டார் என்றால் வைத்தியரைக் கூப்பிடுவார்கள். கூப்பிடவும் கூப்பிட்டார்கள். வைத்தியர் நாடி பார்த்துவிட்டுச் சாமியிடம் அகப்பட்டுக்கொண்டு, ஒரு டீயும் குடித்துத் தன் கருத்தைச் சொல்லிவிட்டுப் போனார். சாமி வீட்டு மாமி எனக்கு ஆள் அனுப்பினார்: "மலையில என்ன நடந்துதுன்னு உள்ளதைச் சொல்லுங்கோ. காலம்பற டிகாக்ஷனைக் கொண்டுபோய் வெச்சா, கையெடுத்துக் கும்பிட்டுட்டுத் திருப்பி அனுப்பறார்!"

கொட்டகை டீக்கடையாகியது. ஒவ்வொரு தடவை காய்ச்சிய பசையையும் தேயிலையோடு ஒரே தூக்குவாளியில் மூடி வைத்து, பிறகு அந்தத் தேயிலையில் டீ போட்டுக் குடிப்பார். நானும் குடிக்க வேண்டும். மில் ஆட்கள் குடிக்க வேண்டும். புண்ணாக்கு வாங்க வந்தவர்கூடத் தப்பவில்லை. புல்தைலம் முதல் நாளே போயிற்று. குங்கிலியத்தைக் குறைத்தார், இன்னும் தெரிந்தது. எண்ணெயின் சொந்த நாற்றம்தான் பெரிய எதிரி. மில் பாய்லரிலிருந்து குழாய் இழுத்து, கொதிக்கும் எண்ணெய்க்குள் நீராவியை விட்டுப் பார்த்தார். நாற்றம் ஆவியோடு கிளம்பி வாளையாறு வரைக்கும் போனது. எண்ணெயில் மிச்சம் இருந்தது, மறுபடி விட்டார். இரண்டு தடவை வாணலி பொங்கிக் கை வெந்தது. "போதும் விட்டுருங்க சாமி, பம்பாய் அத்தனை மோசமான ஊரில்லீங்க" என்று மனம் பொறுக்காமல் சொல்லிவிட்டேன். கட்டுப் போட்ட கையோடு டம்ளரை நீட்டினார். "குடிச்சுட்டுச் சொல்லும் ஓய். ஆமணக்கு தெரியறதோ?"

தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. ஆனால் அவர், "எனக்குத் தெரியறது" என்று டீயைக் கொட்டிவிட்டு மறுபடியும் அடுப்பை மூட்டினார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மறுபடியும் மலை ஏறினோம். ஐப்பசி மழை. ஃபேக்டரி கேட்டிலேயே ஞானமுத்து கையை நீட்டி மறித்தார். "உம்ம தைலத்தோட உள்ள கால் வச்சீருன்னா நடக்கறதே வேற."

"உள்ள வரலை. பெல்ட்டுல பூச வேண்டாம்" என்றார் சாமி. "இந்தப் பசையை உங்க தேயிலையோடயே ஒரு பொட்டியில மூடி வெச்சுக்கோங்கோ. நாளைக்கு அதுல டீ போடுங்கோ. எந்தக் கோப்பைன்னு நீங்க கண்டுபிடிச்சுட்டா, நான் பம்பாய்க்குப் போயிடறேன்."

பம்பாய் எதற்கு வந்தது என்று ஞானமுத்துவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் டப்பாவை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை வரிசையாகக் கோப்பைகள். எது எந்தப் பெட்டித் தேயிலை என்று டீ போட்ட ஆளுக்கு மட்டும்தான் தெரியும். ஞானமுத்து உறிஞ்சினார், துப்பினார், நகர்ந்தார். கடைசிவரை போனார். மறுபடி முதலிலிருந்து வந்தார். சாமியின் உதடு ஏதோ ஜபித்தது.

"தெரியலியேவே" என்றார் ஞானமுத்து கடைசியில், ஏதோ தோற்றுப்போன குரலில்.

நான் துள்ளிக் குதிக்கப் போனேன். சாமி என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போய், கோப்பைகளை ஒவ்வொன்றாக உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார். ஞானமுத்துவை விடச் சத்தமாக. ஓரத்துக் கோப்பையில் நின்றார். புருவம் சுருங்கியது. ஜெயித்த கையோடு பேசாமல் இருக்கத் தெரியாதா மனுஷருக்கு!

"இதுல ஒண்ணு இருக்கு. மண்ணெண்ணெய்."

டீ போட்ட ஆள் திருதிருவென்று விழித்தான். காலையில் அரிக்கேன் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிய கையை வெறும் தண்ணீரில் அலம்பிவிட்டு, அந்தக் கோப்பையைத் துடைத்து வைத்திருக்கிறான். ஞானமுத்து கோப்பையை வாங்கி மறுபடி உறிஞ்சினார். பிறகு சாமியின் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வாரும். பெல்ட் காத்துக்கிட்டுக் கெடக்கு" என்றார்.

கடலை மூட்டைகள் வேறு கொட்டகைக்குப் போயின. அந்த மலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஃபேக்டரிகள் எங்கள் பசைக்கு மாறின. பம்பாய் மைத்துனர் கோபித்துக்கொண்டார், சாரமில்லை. ஆனால் சாமிக்குக் காப்பி திரும்பி வரவே இல்லை. மாமி ஆசையாகக் கலந்து கொடுத்ததை ஒரு வாய் குடித்துவிட்டு, "கொட்டையைக் கொஞ்சம் தீய விட்டுட்டா. பாத்திரத்துல போன வாரத்து ரசம் இருக்கு" என்றாராம். அதோடு மாமியும் டீக்கு மாறிவிட்டார்.

பிற்பாடு மெஷினுக்கு மெஷின் மோட்டார் வந்தது; பெல்ட் போயிற்று, பசையும் போயிற்று. அவரும் போய்விட்டார். எனக்கு அவரைப் போல் இன்னொரு சிநேகிதர் வாய்க்கவில்லை. வாசனையே வரக்கூடாது என்று கை வேக வேகப் பாடுபட்டவர் அவர். நானோ இப்போதும் மலை டீ குடிக்கும்போதெல்லாம், துளி புல்தைலமாவது வராதா என்று முதலில் முகர்ந்து பார்க்கிறேன்.