ஒழுகாத தொட்டி

நாராயண நாமத்தை முணுமுணுத்தபடி, மதுசூதனன் நான்காவது குழியின் மண்ணையும் அள்ளி முகர்ந்தார். புதுமழை நனைத்த நந்தவனத்தின் மணமே வந்தது. டீசல் தொட்டி புதைந்திருக்கும் இடத்து மண்ணுக்கு இத்தனை தூய்மை அடாது என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"அண்ணாச்சி, உங்க தொட்டி ஒழுகலை."

பெட்ரோல் பங்க் உரிமையாளர் அய்யாக்குட்டியின் முகம் மலர்ந்திருக்க வேண்டும். வாடியது.

"அப்படிச் சொல்லாதீக சார். ஒழுகத்தான் செய்யும். இன்னொரு குழி போட்டுப் பாருங்க."

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்து, லாரிகள் பெருகியிருந்த காலம் அது. பங்கின் பின்வீட்டுக் கிணற்றில் டீசல் மிதக்கிறது என்ற புகாரை ஆராயவே நிலத்தடி நீர் அலுவலகம் மதுசூதனனை அனுப்பியிருந்தது. ஒழுக்கு உறுதியானால் பங்கை மூடி முத்திரையிட வேண்டும். அந்த வீட்டில் தனியே வாழும் ஆதிலக்ஷ்மி அம்மாளுக்கு, செய்த தீங்குக்கு ஈடாக அய்யாக்குட்டி நாள்தோறும் ஒரு வண்டி நல்ல தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்தார்.

தன் கேட்டுக்குத் தானே சாட்சி சொல்லும் இப்படியொரு வணிகரை மதுசூதனன் கண்டதில்லை. அந்த நேர்மைக்குத் தலைவணங்கி ஐந்தாவது குழி தோண்டச் செய்தார். கடப்பாரை சாக்கடைக் குழாயை உடைத்தது. பங்கின் வாசலில் ஒரு கருங்குளம் தேங்கியது.

குளத்தை வடிக்க வாய்க்கால் வெட்டினார்கள். பின்புறச் சுற்றுச்சுவர் சரிந்து கிணற்றடியில் விழுந்தது.

"இனி தொட்டியையே வெளியே எடுத்துப் பார்த்துடலாம்" என்றார் மதுசூதனன்.

"எடுங்க சார்! ஓட்டை இருக்கும்!" என்றார் அய்யாக்குட்டி ஆர்வத்தோடு.

அன்று பொழுது சாயும்வரை அமளிதான். கிணற்றில் மிதந்த டீசலை இறைத்துக் கொட்டினார்கள். தொட்டியிலிருந்த எண்ணெயை வடித்து, சங்கிலி கட்டி இழுத்து, அதைத் தெருவில் கிடத்தினார்கள். தட்டிய இடமெல்லாம் அது கோயில் மணிபோல் நாதம் எழுப்பியது. ஊசிமுனைத் துளையும் இல்லை.

வழியடைபட்ட லாரியிலிருந்து ஓட்டுநர் இனிகோ தலையை நீட்டினார். "ஏன் சார், தொட்டிய எடுத்துட்டீக. அடுத்தாப்புல கடல எடுப்பீகளா?"

மறுநாள் காலை கிணற்று நீரைப் பாட்டிலில் பிடித்து முகர்ந்த மதுசூதனன் திகைத்தார். தொட்டி தெருவில் கிடக்கிறது. கிணற்றிலோ எண்ணெய் மிதக்கிறது. அதுவும் டீசல் அன்று, மண்ணெண்ணெய்!

ஆண்டவன் சோதிக்கிறானா, ஆள் யாரேனும் சோதிக்கிறார்களா என்று அறிய, அடுத்த நாள் வைகறையில் கிணற்றடி அரளிச் செடியின் பின்னே அமர்ந்து காத்திருந்தார். சரிந்த சுவரைத் தாண்டி ஓர் உருவம் வந்தது. கையில் டீசல் கேன்.

"அண்ணாச்சி!"

அய்யாக்குட்டி கேனைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

"சத்தம் போடாதீக சார். அம்மா முழிச்சுக்கிடுவாக. பெரும்புயல் அடிச்ச வருசம் எங்க வீடு விழுந்துட்டு. எம்பொஞ்சாதி இசக்கியம்மா நெறமாசம். இந்த அம்மாதான் வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி, பேறு பாத்து, பத்தியமும் பொங்கிப் போட்டாக. பதிலுக்கு ஒரு எலுமிச்சம்பழம் குடுத்தாலும் வாங்க மாட்டேங்காக. உப்புத் தண்ணியில சோறு பொங்கிச் சாப்பிடுதாகளேன்னு நல்ல தண்ணி அனுப்புனேன். வண்டியத் திருப்பி விட்டுட்டாக. நட்ட ஈடுன்னா மட்டும் வாங்கிக்கிடுதாக."

"அதுக்காகப் பங்கையே இழக்கறதா?"

"பங்க் போனா கருப்பட்டிக் கடை வச்சுப் பொழைச்சுக்கிடுவேன். அந்த அம்மா அன்னிக்குக் கதவத் தெறக்கலன்னா, எனக்குப் பொஞ்சாதியும் இல்ல, புள்ளையும் இல்ல."

மதுசூதனனின் கண்கள் நனைந்தன. ஆயினும் அலுவலர் அலுவலர்தானே. "சரி, டீசலுக்குப் பதிலா மண்ணெண்ணெய் எதுக்கு ஊத்தினேள்?"

"மண்ணெண்ணெயா? நான் அத விக்கிறதே இல்லியே! தொட்டிய எடுத்த அமளியில நான் இந்தப் பக்கமே வரல சார்."

காரணம் புலப்படாவிடினும் மதுசூதனன் தம் முடிவை மனத்துள் எழுதிவிட்டார்: தொட்டி குறையற்றது, எண்ணெய் வரும் வழி ஆராயப்படுகிறது, ஆராய்ச்சி முடியும்வரை பங்க் உரிமையாளர் நல்ல தண்ணீர் வழங்கிவர வேண்டும். ஆராய்ச்சி எந்நாளும் முடியாதபடி பார்த்துக்கொள்வது பெருமாளின் பொறுப்பு.

பொழுது விடிந்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டு ஆதிலக்ஷ்மி அம்மாளிடம் அதைத் தெரிவித்தார்.

"ரொம்ப சந்தோஷம்" என்றார் அம்மாள்.

"ஒண்ணுதான் மாமி புரியலை. தொட்டியை எடுத்த மறுநாள் மட்டும் மண்ணெண்ணெய் எங்கேர்ந்து வந்தது?"

அம்மாள் மோர்ச் செம்பை அவர் முன் வைத்தார்.

"அன்னிக்கு அமளியிலே அண்ணாச்சி ஊத்த மறந்துட்டார். கிணறு தெளிஞ்சுட்டா மனுஷர் மனசு உடைஞ்சு போயிடுமேன்னு, ஸ்டவ்வுக்கு வச்சிருந்ததிலே ஒரு கரண்டி நான்தான் விட்டேன்."